வெளியேற வேண்டியவர் யார்?

சென்ற ஆண்டு கோடையில், எழுபத்து நான்கு வயது அம்மையார் ஒருவர் எங்கள் பொது மருத்துவப் பிரிவில் ஐந்து மாதங்களுக்குள் மூன்றாம் முறையாகச் சேர்க்கப்பட்டார். எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய் உடையவர். நாள்தோறும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டியவர். முதன்முறை வந்தபோது இரத்தச் சர்க்கரை 480 இருந்தது. இரண்டாம் முறை சிறுநீர்த் தொற்றும் கடுமையான நீரிழப்பும். மூன்றாம் முறை சர்க்கரையோடு இடது மணிக்கட்டும் முறிந்திருந்தது. "வழுக்கி விழுந்துட்டேன் சாமி" என்றார். முதல் இரண்டு முறையும் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது டிஸ்சார்ஜ் அறிக்கையில் நான் எழுதிய வரி இதுதான்: ‘நோயாளி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை.’

அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அது உண்மையை மறைத்துவிட்டது. மூன்றாம் முறை, மூத்த செவிலியர் ஒருவர் அவருக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, மேற்கையின் உட்புறத்தில் விரல்கள் அழுந்திப் பதிந்தாற்போல நான்கு கன்றிய தடங்களைக் கண்டார். உடனிருந்த மகனை மருந்தகத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம்: "வீட்டில் உங்களுக்குப் பயம் தருகிறவர் யாராவது இருக்கிறார்களா?" அம்மையார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவன் என் வயித்துல பொறந்தவன் சாமி, அவனை எதுவும் செஞ்சிராதீக" என்றார்.

திருப்பூரில் வேலை இழந்து, மனைவி பிரிந்து சென்றபின் ஊர் திரும்பிய நாற்பது வயது மகன். மாதந்தோறும் வரும் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயும் அன்றே அவன் கைக்குப் போய்விடும். இன்சுலின் வாங்க மகள் அனுப்பும் பணமும் அப்படியே. வீட்டை எழுதித் தரும்படி இரவுதோறும் கேட்பான், மறுத்தால் அடி. மணிக்கட்டு முறிந்தது அத்தகைய ஓர் இரவில். (அவர்கள் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுத அம்மையாரின் சம்மதமும் உண்டு.)

நான் முதலில் சொன்ன யோசனை, நம்மில் பெரும்பாலோர் சொல்வதுதான். சாத்தூரில் வாழும் மகளை அழைத்து, "அம்மாவை உங்களோடு கூட்டிச் சென்றுவிடுங்கள்" என்றேன். அவரும் தட்டாமல் அழைத்துச் சென்றார். நாற்பது நாட்களில் அம்மையார் திரும்பி வந்துவிட்டார். மருமகன் வீட்டில் யாரும் குறை வைக்கவில்லை. சோறும் மருந்தும் வேளை தவறாமல் கிடைத்தன. ஏன் வந்தீர்கள் என்று புறநோயாளிப் பிரிவில் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றுவரை என்னை விடவில்லை: "தப்பு செஞ்சது அவன். வீட்டைவிட்டுப் போறது நானா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடை.

வீடு என்பது மருந்தும் ஆகும்

கரிசல் நிலத்தில் வீடு கட்டுவது எளிதன்று. மழையில் ஊறி உப்பி, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் மண் இது. ஆழத் தோண்டிக் கரிசலை அள்ளி எறிந்து, சரளை கொட்டி நிரப்பாமல் எழுப்பிய சுவர் சில ஆண்டுகளிலேயே விரிசல் காணும். இந்த அம்மையார் முப்பது ஆண்டுகள் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். வேலை முடிந்த மாலைகளில் கணவரோடு சேர்ந்து சரளையைத் தலைச்சுமையாகச் சுமந்து அந்த அடித்தளத்தை நிரப்பியவர். பட்டா அவர் பெயரில் இருக்கிறது. முற்றத்து வேம்பு அவர் நட்டது. இருட்டிலும் தடுமாறாமல் நடக்கத் தெரிந்த இடம் உலகத்தில் அவருக்கு அது ஒன்றே.

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை, மருத்துவனாகச் சொல்கிறேன். வயது முதிர்ந்தவரைப் பழகிய இடத்திலிருந்து பெயர்த்து வைத்தால் விழுதலும் மனக்குழப்பமும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் கூடுவதை அன்றாடம் பார்க்கிறோம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று இரவில் தேடும் முதியவர் இடுப்பெலும்பு முறிந்து வருகிறார். புதிய வீட்டில் எதைக் கேட்கவும் கூசி, தண்ணீரைக் குறைத்துக் குடித்துச் சிறுநீரகப் பாதிப்போடு வருகிறார்.

மறுபுறம், அச்சத்தோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வதும் நோயே. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்டிசாலும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். எவ்வளவு இன்சுலின் எழுதினாலும் இரவு எட்டு மணிக்குக் கதவு தட்டப்படும் ஓசைக்கு நடுங்கும் உடலில் அது முழுப் பலன் தராது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 65 வயதைக் கடந்த 2,812 பேரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1998-இல் வெளியானது. பதின்மூன்று ஆண்டுகளின் முடிவில், கொடுமைக்குள்ளானதாகப் பதிவானோரில் 9 விழுக்காட்டினரே உயிரோடிருந்தனர். அத்தகைய பதிவு எதுவும் இல்லாதோரில் 40 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். வயதையும் பிற நோய்களையும் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு மறையவில்லை. உலகில் அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகைக் கொடுமையை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடி, வசைச்சொல், பணத்தைப் பறித்தல், மருந்தும் உணவும் மறுத்தல் ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

ஆக, முதியவரை அங்கேயே விட்டுவைப்பதும் தீங்கு. அவரைப் பெயர்த்தெடுப்பதும் தீங்கு. மூன்றாவது வழி ஒன்றுதான்: முதியவர் தம் வீட்டில் இருக்க, கொடுமை செய்பவர் வெளியேறுவது. நமக்கு இது கடைசியாகத் தோன்றுகிற வழி. முதலில் தோன்ற வேண்டிய வழி இதுவே என்பது என் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தைப் பலரும் ‘பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தரும் சட்டம்’ என்ற அளவிலேயே அறிவர். மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிடலாம் என்பது அதன் ஒரு பகுதிதான். மூத்த குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிப்பதும் அச்சட்டத்தின் நோக்கமே. பிள்ளை இல்லாதவரின் சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரும் இச்சட்டத்துக்குள் வருவார். ஆகவே கொடுமை செய்பவர் மகனாக இல்லாமல் அண்ணன் மகனாக இருந்தாலும் மனு கொடுக்கலாம்.

வீட்டைவிட்டு ஒருவரை வெளியேற்றுவது பற்றிச் சட்டத்தின் பிரிவுகளில் நேரடியாக எழுதப்படவில்லை. இதனால் நெடுநாள் ஐயம் இருந்தது. 2020 டிசம்பர் 15 அன்று, பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்த ஐயத்தைத் தீர்த்தது. முதியவரின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் உறுதிசெய்யத் தேவையானால் வெளியேற்ற ஆணையிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று அது கூறியது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கிலும் அதே நிலையை உறுதிசெய்து, மகனுக்கு அவர் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்துசெய்து, வீட்டை அவர் கையில் ஒப்படைக்கச் சொன்னது.

2025 செப்டம்பரில் வந்த மும்பை வழக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. எண்பது வயதுத் தந்தை, தாம் வாங்கிய வீட்டுக்குள்ளேயே மகன் தம்மை நுழையவிடவில்லை என்று தீர்ப்பாயத்துக்குச் சென்றார். மகனை வெளியேறச் சொன்னது தீர்ப்பாயம். மகனும் மூத்த குடிமகனே என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. தந்தை மனுச் செய்த நாளில் மகனுக்கு 59 வயதுதான் என்று சுட்டிக்காட்டி, வெளியேற்ற ஆணையை உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். 2025 மார்ச்சில், உத்தரப் பிரதேசப் பெற்றோர் தம் மூத்த மகனை வெளியேற்றக் கோரியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வெளியேற்றம் எல்லா வழக்கிலும் தானாக வந்துவிடும் தீர்வு அன்று, தேவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கணவனால் கைவிடப்பட்ட மருமகளைத் தெருவில் நிறுத்த இச்சட்டத்தைக் கருவியாக்கக் கூடாது என்று எச்சரித்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் தந்துள்ள குடியிருப்பு உரிமையையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இந்த எச்சரிக்கைகள் சரியானவை என்றே நானும் கருதுகிறேன்.

மருத்துவரின் மூன்று ஐயங்கள்

இத்தகைய ஒரு முடிவுக்கு வருமுன் நான் மூன்று ஐயங்களைத் தீர்த்துக்கொள்வேன். குடும்பத்தாரும் அவ்வாறே செய்ய வேண்டுகிறேன்.

முதலாவது, காயம் உண்மையில் அடியால் வந்ததா? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்ளும் முதியவருக்கு இலேசாக இடித்தாலும் தோல் கன்றும். மெலிந்த தோலுடைய புறங்கையிலும் முன்கையிலும் ஊதாத் திட்டுகள் தாமாகவே தோன்றும். இதைக் கண்டு பராமரிப்பவரைக் குற்றவாளியாக்குவது அநீதி. ஆனால் மேற்கையின் உட்புறம், காது, கழுத்து, முதுகு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களிலுள்ள காயங்களும், வெவ்வேறு நாளில் ஏற்பட்டவையாகத் தோன்றும் காயங்களும் கேள்வி கேட்கப்பட வேண்டியவை.

இரண்டாவது, முதியவர் சொல்வது நினைவு மறதி நோயின் விளைவா? டிமென்ஷியாவின் தொடக்கத்தில் ‘என் பணத்தைத் திருடிவிட்டார்கள், எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்று அன்போடு கவனிப்பவரையே பழிப்பது நோயின் அடையாளமாக வரக்கூடும். அப்படிப்பட்ட மகளின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மறதி உள்ளவர் சொல்வதெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடுவதும் தவறு. கொடுமைக்கு எளிதில் இரையாகிறவர்கள் அவர்களே. நினைவாற்றல் பரிசோதனையும் வீட்டு விசாரணையும் இரண்டும் வேண்டும்.

மூன்றாவது, கொடுமை செய்பவர் யார்? ஆண்டுக்கணக்கில் தூக்கமின்றிப் படுக்கையில் கிடப்பவரைக் கவனித்து, களைப்பின் உச்சத்தில் ஒருநாள் கைநீட்டிவிட்டு அழுகிற மருமகளுக்கு வேண்டியது வெளியேற்றம் அன்று. மாற்றாள், ஓய்வு, உதவி. மனநோயால் கட்டுமீறுபவருக்கு வேண்டியது சிகிச்சை. அதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் ஆலோசனையும் பெறலாம். மது அடிமைத்தனமும் நோயே. நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும் என்பதால் அவரை மருத்துவமனையில் வைத்துத்தான் மீட்க வேண்டும்.

நோய் ஒரு விளக்கம். அது அனுமதிச் சீட்டு அன்று. மகனின் மதுநோய்க்குத் தாயின் மணிக்கட்டு விலையாக முடியாது. அவனுக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும்; அது அவள் வீட்டுக்கு வெளியிலும் கிடைக்கும். பல குடும்பங்களில் வெளியேற்றப்பட்ட பின்னரே குடிநோயாளி சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறார். சோறும் கூரையும் பணமும் அடித்துப் பறித்தால் கிடைக்கும் வரை அவருக்கு மாற வேண்டிய தேவை எழுவதில்லை.

‘கொள்ளி வைக்க யார்?’

என்னிடம் வாய்திறந்த முதியவர்களில் பலரும் புகார் கொடுக்க மறுத்தார்கள். காரணம் சட்டம் தெரியாமை மட்டும் அன்று. "ஊர் என்ன சொல்லும்?" என்பது ஒன்று. "நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க யார்?" என்பது அதனினும் பெரிது. இதை மூடநம்பிக்கை என்று நான் சிரித்துத் தள்ளமாட்டேன். தம் முடிவு கௌரவமாக அமைய வேண்டும் என்று எண்ணும் ஒருவருடைய அச்சம் அது. ஆனால் அந்த அம்மையாரின் மகள், "கொள்ளி வைக்கிற நாளுக்காக, அதுக்கு முன்னாடி இருக்கிற நாளையெல்லாம் அவன்கிட்ட குடுக்கணுமாம்மா?" என்று கேட்டார். அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

‘அது அவர்கள் குடும்ப விஷயம்’ என்று விலகி நிற்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு சொல். நம் தென்மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் குறைவு. 2010-இல் பக்கத்து விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. பின்னர் ‘பாரம்’ என்ற தமிழ்ப் படம் அதைப் பேசித் தேசிய விருதும் பெற்றது. அந்தக் கொடுமை அத்தனை காலம் நீடித்தது, ஊரே அறிந்திருந்தும் அதைக் குடும்ப விஷயம் என்று கருதியதால்தான். அடிபடும் முதியவரின் ஓலத்தைக் கேட்டுத் தொலைக்காட்சி ஒலியைக் கூட்டிக்கொள்வதும் அந்த மௌனத்தின் இன்னொரு வடிவமே.

என்ன செய்யலாம்

இனி, செய்யக்கூடியவை.

மருத்துவமனையில்: காயத்தின் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். அடியால் வந்த காயம் என்றால் விபத்துப் பதிவேட்டில் பதியப்பட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் செல்லும். அந்தப் பதிவும், மருத்துவக் குறிப்புகளும், எக்ஸ்ரே படங்களும் பின்னர் உங்களுக்குச் சான்றாகும். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

வீட்டில்: பட்டா, பத்திரம், வீட்டு வரி இரசீது, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நம்பகமானவரிடம் கொடுத்து வையுங்கள். என்ன நடந்தது, எந்த நாள், யார் பார்த்தார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதலாம். எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

மனு: இச்சட்டப்படியான தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டத்தார் கோவில்பட்டி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சாதாரணத் தாளில் எழுதினால் போதும். வழக்கறிஞர் இல்லாமலே நேரில் பேசலாம். ‘பராமரிப்புத் தொகை வேண்டும்’ என்று மட்டும் எழுதாமல், என் உயிருக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு வேண்டும், இன்னாரை என் வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். நடக்க முடியாதவர் சார்பில் அவர் அதிகாரமளித்த வேறொருவரோ தொண்டு நிறுவனமோ மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவும் முன்வந்து விசாரிக்கலாம். ஆணையில் குறை இருப்பதாக முதியவர் கருதினால் அறுபது நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். முதியவருக்குத் துணைநிற்கக் கடமைப்பட்டவர் மாவட்ட சமூக நல அலுவலர். அவர் அலுவலகம் தூத்துக்குடியில் இருக்கிறது.

தாய்மார்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். மகனால் அடிபடும் தாயும் அதன்கீழ் வரலாம். வீட்டைவிட்டு வெளியேறும்படி ஆண் ஒருவனுக்கு ஆணையிடும் அதிகாரத்தை அதன் 19-ஆம் பிரிவு நீதித்துறை நடுவருக்குத் தருகிறது. பெண்ணொருத்தியை அப்பிரிவின்கீழ் அவ்வாறு வெளியேற்ற முடியாது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

உடனடி ஆபத்தில் 100 அல்லது 112. ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567. பெண்களுக்கு 181.

வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுத எண்ணுவோருக்கு ஒரு வேண்டுகோள். என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், ஆயுள் முழுதும் அங்கே வாழும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காவிட்டால் 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யலாம். நிபந்தனை வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும் அன்பும் பாசமுமே மறைமுக நிபந்தனை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில், நாகப்பட்டினம் மாவட்ட மூதாட்டி ஒருவர் வழக்கில் கூறியது. ஆயினும் நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியிருப்பதால், எழுதி வைப்பதே பாதுகாப்பு. ஒரு வரி எழுதச் சொல்வதால் பிள்ளையின் மனம் நோகும் என்றால், அந்த நோவை இன்றே அறிந்துகொள்வது நல்லது.

அந்த அம்மையார்

மகளும் அவருமாக மனுக் கொடுத்தார்கள். எங்கள் மருத்துவக் குறிப்புகளின் நகல்களை இணைத்தார்கள். நான் முன்பு எழுதிய இரண்டு டிஸ்சார்ஜ் அறிக்கைகளும் அதில் இருந்தன. விசாரணையில் மகன் அவற்றைக் காட்டி, "மருந்து ஒழுங்காச் சாப்பிடாதது அம்மாதான், டாக்டரே எழுதியிருக்கார்" என்றானாம். ஓர் அவசர வரி யார் கையில் எப்படிப் போய்ச் சேரும் என்று அன்று கற்றேன். மூன்றாவது சேர்க்கையின் பதிவும், விபத்துப் பதிவேடும், செவிலியர் அன்றிரவே எழுதி வைத்த குறிப்பும் அம்மையாருக்குக் கைகொடுத்தன.

ஏறத்தாழ நான்கு மாதங்களில் ஆணை வந்தது. மகன் வெளியேறினான். மறுபடியும் திருப்பூரில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்கள். குடியை விட்டானா என்று தெரியாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அம்மையாருக்கு 11.2 இருந்தது, இப்போது 7.9. நான் மருந்தின் அளவைக் கூட்டவில்லை.

இது மகிழ்ச்சியான முடிவு என்று சொல்லமாட்டேன். கடைசியாக வந்தபோது, "அவன் போன அன்னைக்கு அழுதேன் சாமி. இன்னும் தீபாவளிக்கு அவனுக்கும் சேர்த்துத்தான் மாவு ஆட்டுறேன். ஆனா ராத்திரி கதவைத் தாப்பாப் போட்டுட்டுத் தூங்குறேன்" என்றார். பெற்ற பாசமும் போகவில்லை, தூக்கமும் வந்துவிட்டது. இரண்டும் ஒருங்கே இருக்க முடியும் என்று அவரிடமிருந்தே அறிந்தேன். மகனை வெளியே அனுப்புவது மகனைத் தலைமுழுகுவது ஆகாது.

எங்கள் பிரிவில் இப்போது ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். அறுபது வயதைக் கடந்த ஒருவர் மருந்து எடுக்காமல் திரும்பத் திரும்ப வந்தால், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசுகிறோம். உடன் வரும் பிள்ளைகள் இதைத் தவறாக எண்ண வேண்டாம்; யாரையும் சந்தேகித்து அல்ல, எல்லோரிடமும் கேட்பதால்தான் உண்மையில் துன்பப்படுகிறவர் அச்சமின்றிச் சொல்ல முடிகிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் முதியவர்களில் யாருக்கேனும் இப்படியொரு துன்பம் இருந்தால், முழுக் கதையையும் சொல்ல இன்று மனம் வராமல் இருக்கலாம். அதனால் ஒன்றுமில்லை. இரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியரிடம், "டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.